செவ்வாயின் படத்தை நீங்களே உருவாக்கலாம்: ரோவர் அனுப்பும் கச்சாப் படம் முதல் பனோரமா வரை

செவ்வாயில் கியூரியாசிட்டி 2012 ஆகஸ்டிலிருந்தும் பெர்சிவரன்ஸ் 2021 பிப்ரவரியிலிருந்தும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. சக்கரத்தில் நகர்ந்து ஆய்வு செய்யும் நாசாவின் இந்த இரண்டு ரோவர்களும் எடுக்கும் படங்கள் பூமிக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே, யாருடைய கையும் படாமல், நாசாவின் தளத்தில் பொதுவில் வைக்கப்படுகின்றன. பதிவு செய்யத் தேவையில்லை, காசும் கட்ட வேண்டாம். விஞ்ஞானிகள் பார்க்கும் அதே நாளில் நீங்களும் பார்க்கலாம்.

ஆனால் அங்கே போய்ப் பார்க்கும் பலர் ஏமாந்து திரும்பிவிடுகிறார்கள். பத்திரிகையில் வந்த அகலமான, அழகான காட்சி அங்கே இருக்காது. துண்டு துண்டாகச் சின்னச் சின்னப் படங்கள்தான் இருக்கும். சில சாம்பல் நிறத்தில், சில பாதி கறுப்பாக, சில ரோவரின் சக்கரத்தை மட்டும் காட்டிக்கொண்டு. பத்திரிகைக்குப் போன படம் இந்தத் துண்டுகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒட்டி, நிறம் சரிசெய்து உருவாக்கியது. அந்த வேலையை நீங்களும் செய்யலாம். டக் எலிசன் என்ற ஆங்கிலேயர் இப்படி ஆர்வத்தில் ஆரம்பித்தவர்தான். பிறகு நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலேயே (ஜேபிஎல்) சேர்ந்து, கியூரியாசிட்டியின் கேமராக்களை இயக்கும் குழுவில் பணியாற்றினார்.

உங்களுக்கு வேண்டியது சாதாரண லேப்டாப், படம் திருத்த ஜிம்ப், ஒட்டுவதற்கு ஹியூகின். இரண்டு மென்பொருளும் இலவசம். அவற்றைப் பழக ஒரு வார இறுதி போதும். நிறத்தைப் பற்றி எடுக்க வேண்டிய முடிவுதான் உண்மையிலேயே யோசிக்க வைக்கும். அதனால் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எந்தக் கேமரா என்று பாருங்கள்

ஒரு ரோவரில் பல கேமராக்கள் உண்டு. சக்கரத்துக்கு முன்னால் கல் இருக்கிறதா என்று பார்ப்பவை ஹாஸ்கேம். வழி கண்டுபிடிப்பவை நேவ்கேம். கியூரியாசிட்டியின் நேவ்கேம் கறுப்பு வெள்ளை, 1024க்கு 1024 பிக்சல். பெர்சிவரன்ஸின் நேவ்கேம் வண்ணத்தில் 20 மெகாபிக்சல். ஆனால் அவ்வளவு பெரிய படத்தை அப்படியே அனுப்புவது கடினம் என்பதால், பெரும்பாலும் சுருக்கியோ துண்டுகளாக வெட்டியோ அனுப்புகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் ரோவரின் கம்பத்து உச்சியில் இருக்கும் மாஸ்ட்கேமிலிருந்து தொடங்குவது நல்லது. அதில் இரண்டு கண்கள் மாதிரி இரண்டு கேமராக்கள். கியூரியாசிட்டியில் இடது கண்ணின் குவியத் தூரம் 34 மி.மீ., வலது கண்ணுக்கு 100 மி.மீ.; இரண்டிலும் ஜூம் கிடையாது. பெர்சிவரன்ஸில் இருப்பது மாஸ்ட்கேம்-இசட். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி, 26 முதல் 110 மி.மீ. வரை ஜூம் ஆகும். ரோவர் கையின் நுனியில் இருக்கும் நுண்கேமராக்கள் வேறு ரகம். கியூரியாசிட்டியின் மாலி சுமார் 2 செ.மீ. தூரத்துக் கல்லையும் கூர்மையாகக் காட்டும், அடிவானத்தையும் காட்டும். ரோவர் செல்ஃபிகள் இந்தக் கைக்கேமராவில் எடுத்தவைதான். 2012 அக்டோபர் 31 அன்று எடுத்த புகழ்பெற்ற செல்ஃபி 55 படங்களை ஒட்டியது. அதைப் பிறகு முயலலாம், முதல் வேலைக்கு வேண்டாம்.

நாளையும் கோப்பின் பெயரையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

செவ்வாயின் ஒரு நாளைச் சோல் என்கிறார்கள். அது 24 மணி 39 நிமிடம் 35 வினாடி நீளம். ரோவர் தரையிறங்கிய நாள் சோல் 0. தளத்தில் படங்களைச் சோல் எண்ணாலும் கேமரா பெயராலும் சலித்துத் தேடலாம்.

பயிற்சிக்குப் பெர்சிவரன்ஸின் சோல் 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி 21 அன்று மாஸ்ட்கேம்-இசட் எடுத்த முதல் 360 பாகைப் பனோரமா அந்த நாளில்தான் இருக்கிறது, மொத்தம் 142 படங்கள். அந்தக் குழுவே ஒட்டி வெளியிட்ட பனோரமாவும் கிடைப்பதால், உங்களுடையதை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். அடிவானம் தெரியும் அடுத்தடுத்த ஐந்தாறு படங்கள் போதும்.

கோப்பின் பெயர் பார்க்க மிரட்டலாக இருந்தாலும் முக்கால்வாசித் தகவல் அதிலேயே இருக்கிறது. பெர்சிவரன்ஸில் இசட்-எல் என்று தொடங்கினால் மாஸ்ட்கேம்-இசட்டின் இடது கண், இசட்-ஆர் என்றால் வலது கண். அடுத்து வரும் ஒற்றை எண் ஒளி வடிகட்டியை (ஃபில்டர்) குறிக்கும். அங்கே 0 இருந்தால் சாதாரண வண்ணப் படம். மற்ற எண்கள் தாதுக்களை ஆராயவும் சூரியனைப் பார்க்கவும் வைத்த சிறப்பு வடிகட்டிகள், இப்போதைக்கு அவற்றை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் நான்கு இலக்கத்தில் சோல் எண். அதற்கடுத்த பத்து இலக்க எண்தான் விண்கலத்தின் கடிகாரம், 2000ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து எண்ணிய வினாடிகள். அதனால் பெயர் வரிசையில் அடுக்கினாலே ஒரு கேமராவின் படங்கள் எடுத்த நேர வரிசையில் வந்துவிடும். பெயரின் கடைசித் துண்டின் முதல் மூன்று இலக்கங்கள் குவியத் தூரம்: 034 என்றால் 34 மி.மீ., 110 என்றால் 110 மி.மீ. ஒட்டும்போது இந்த எண் தேவைப்படும்.

கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேம் கோப்பில் சோல் எண் முதலில் வரும், பிறகு எம்-எல் அல்லது எம்-ஆர். எம்-எல் என்றால் 34 மி.மீ. இடது கண்.

படத்தின் கீழே வரும் விளக்கத்தில் அந்த இடத்தின் சூரிய நேரமும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிப் படத்தையும் மாலை நான்கு மணிப் படத்தையும் ஒட்டினால் நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழுந்து காட்சியே கெட்டுவிடும். 2019 இறுதியில் கிளென் டாரிடன் என்ற பகுதியில் கியூரியாசிட்டி 180 கோடி பிக்சல் பனோரமா ஒன்றை எடுத்தது. அதற்கான ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பல நாள் பிரித்து எடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் அங்கே நண்பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் மட்டும்தான் எடுத்தார்கள். வெளிச்சம் மாறக் கூடாது என்பதே காரணம்.

இறக்கி, சலித்து வையுங்கள்

ரோவர் முதலில் சிறுபடங்களை அனுப்பும். அவற்றைப் பார்த்துக் குழு முக்கியமானவை எவை என்று முடிவு செய்யும். முழுப்படங்கள் செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலங்கள் வழியாக, இடம் கிடைக்கும்போது வந்து சேரும். எனவே நேற்று சிறுபடமாக மட்டும் இருந்தது அடுத்த வாரம் முழு அளவில் வரலாம். ஒரு காட்சியில் நடுவில் ஓட்டை இருந்தால் அவசரப்பட்டு அதை நிரப்பாதீர்கள். சில நாள் கழித்து அதே சோலைத் திரும்பப் பாருங்கள்.

சிறுபடங்களையும் பாதி கறுப்பாக வந்தவற்றையும் தனியே ஒதுக்குங்கள். ஒரு சோலுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. அசல் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். மேலே சொன்ன தகவல் அத்தனையும் அதில்தான் இருக்கிறது.

சாம்பல் வலையிலிருந்து வண்ணம்

சில படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் நுண்ணிய கட்டம் போட்ட வலை தெரியும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சென்சாரின் ஒவ்வொரு பிக்சல் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு வடிகட்டி மட்டும்தான் இருக்கிறது. நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். உங்கள் கைபேசிக் கேமராவும் இப்படித்தான் இயங்குகிறது. கைபேசி விடுபட்ட நிறங்களைத் தானே கணக்கிட்டு நிரப்பிவிடுகிறது; இங்கே அதை நீங்கள் செய்ய வேண்டும். இந்த வடிகட்டி அமைப்பைப் பேயர் (Bayer) என்பார்கள், அதனால் இந்த வேலைக்குப் பேயர் நீக்கம் என்று பெயர்.

ஜிம்ப்பில் ஜி-மிக் நீட்சியை நிறுவினால் இதற்கான வசதி கிடைக்கும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓபன்-சிவி நூலகத்தில் ஒரே வரி வேலை. வடிகட்டிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று மென்பொருள் கேட்கும், நான்கு வாய்ப்புகள் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தவறான வரிசையில் தரை நீலமாகவோ பச்சையாகவோ வரும், அல்லது கற்களின் ஓரத்தில் பல்பல்லாகத் தெரியும். தரை துருநிறத்திலும் ஓரங்கள் சுத்தமாகவும் வருவதுதான் சரியான வரிசை. கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேம் படங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வண்ணமாக்கி ஜேபெக்காக வருபவை, அவற்றுக்கு இந்த வேலை மிச்சம்.

நிறம்

இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் ஜிம்ப்பின் தானியங்கி ஒயிட் பேலன்ஸை அழுத்திவிடுகிறார்கள். அதை அழுத்தாதீர்கள். அந்தக் கட்டளை படத்தின் மூன்று நிறங்களையும் தனித்தனியே இழுத்துச் சமமாக்கும். செவ்வாயின் காட்சியில் நீலம் இயல்பாகவே குறைவு. இல்லாத நீலத்தை மென்பொருள் இழுத்துக் கொண்டுவந்து வானத்தில் கொட்டிவிடும்.

பெரிய ஆய்வுக்குழுவுக்கே இது நடந்திருக்கிறது. 1976 ஜூலை 20 அன்று நாசாவின் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் தரையிறங்கியது. மறுநாள் வந்த முதல் வண்ணப் படத்தில் வானம் நீலச்சாயலோடு இருந்தது, பூமியின் ஏதோ ஒரு பாலைவனம் போல. அப்படியே வெளியிட்டுவிட்டார்கள். பிறகு கேமராவின் அளவீடுகளை வைத்துச் சரிபார்த்தபோது வானம் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம் என்று தெரிந்தது, திருத்திய படம் வெளிவந்தது. காற்றில் எப்போதும் மிதக்கும் மெல்லிய தூசிதான் அந்த நிறத்துக்குக் காரணம். வானம் என்றால் நீலமாகத்தான் இருக்கும் என்ற நம் பழக்கம் முதல் படத்துக்குள் புகுந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பழக்கம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் கண்ணை மட்டும் நம்பி நிறம் சரிசெய்ய வேண்டாம் என்கிறேன்.

அப்படியானால் எதை நம்புவது? ரோவரின் மேல்தளத்தையே பாருங்கள். பெர்சிவரன்ஸின் மேல்தளத்தில் உள்ளங்கை அளவில் ஒரு நிற அளவுப்பலகை இருக்கிறது. நடுவில் சூரியக் கடிகாரம் மாதிரி ஒரு சிறு கம்பம், அதைச் சுற்றிக் கறுப்பு, சாம்பல், வெள்ளை வளையங்கள், ஓரத்தில் வண்ண வட்டங்கள். செவ்வாயின் தூசிக்குக் காந்த ஈர்ப்பு உண்டு என்பதால் வட்டங்களுக்கு அடியில் காந்தம் வைத்திருக்கிறார்கள். தூசி காந்தத்தின் மேல் வளையமாகச் சேர, அதன் நடுவில் ஒரு புள்ளி ஓரளவு சுத்தமாக இருக்கும். மாஸ்ட்கேம்-இசட் இந்தப் பலகையை அடிக்கடி படம் எடுக்கிறது. நீங்கள் வேலை செய்யும் சோலில், அதே நேரத்தை ஒட்டி எடுத்த பலகைப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் கம்பத்தின் நிழல் வளையங்கள் மேல் விழுந்திருப்பது தெரியும். வெயில் படும் சாம்பலில் ஒரு முறையும் நிழலுக்குள் இருக்கும் அதே சாம்பலில் ஒரு முறையும் நிறத்தெரிவுக் கருவியை வைத்து எண்களைப் பாருங்கள். இரண்டும் ஒரே பூச்சு, ஆனால் எண்கள் ஒத்துப்போகாது. நிழலுக்குள் நேர் வெயில் இல்லை, வானத்திலிருந்து வரும் ஒளி மட்டுமே படுகிறது. தூசி வானம் தரையின் மேல் என்ன நிறத்தைத் தெளிக்கிறது என்பதை அந்தச் சின்ன நிழல் எண்ணாகவே காட்டிவிடுகிறது.

இப்போது உங்கள் முன்னால் இரண்டு வழிகள். முதலாவது, வெயில் படும் சாம்பல் வளையத்தை நடுநிலைச் சாம்பலாக்கி, அதே திருத்தத்தைக் காட்சிப் படங்கள் எல்லாவற்றுக்கும் போடுவது. பூமியின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கற்கள் எப்படித் தெரியுமோ அதற்கு நெருக்கமான நிறம் கிடைக்கும். புவியியலாளர்களுக்கு இது பிடிக்கும், காரணம் அவர்கள் கண் பூமியின் பாறைகளைப் பார்த்துப் பழகியது. 2013 மார்ச்சில் நாசாவே செவ்வாயின் ஷார்ப் மலைப் படத்தை இப்படித் திருத்தி வெளியிட்டது. வானம் நீலச்சாயலில் இருந்தது, ஆனால் விளக்கத்தில் காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது, அங்கே நிற்கும் ஒரு மனிதருக்குத் தெரியும் நிறத்தை நெருங்குவது. இதில் ஒயிட் பேலன்ஸை முழுதாகப் போடக் கூடாது. சென்சார் காரணமாக வரும் பச்சைச் சாயலை மட்டும் மெல்லக் குறைத்துவிட்டு, மஞ்சள் கலந்த பழுப்பு வெளிச்சத்தை அப்படியே விட வேண்டும். நான் விரும்புவது இந்த வழியைத்தான். செவ்வாயின் வெளிச்சமும் அந்த இடத்தின் ஒரு பகுதி, கல்லைப் போல மணலைப் போல. அதைக் கழுவி எடுத்துவிட்டால் பாதி இடத்தை விட்டுவிட்டு வந்த மாதிரி.

அந்தி சாயும் படங்களில் இந்த வேறுபாடு உச்சத்துக்குப் போகும். செவ்வாயில் சூரியன் மறையும்போது அதைச் சுற்றியுள்ள வானம் உண்மையிலேயே நீலமாகத் தெரியும். நுண்ணிய தூசி நீல ஒளியைச் சூரியனின் திசையிலேயே அதிகம் விடுகிறது, மற்ற நிறங்கள் அகலமாகச் சிதறிவிடுகின்றன. 2015 ஏப்ரல் 15 அன்று கேல் பள்ளத்திலிருந்து கியூரியாசிட்டி எடுத்த அந்திப்படங்களை ஒருமுறை பாருங்கள். அதே படத்தில் தானியங்கி ஒயிட் பேலன்ஸை அழுத்திப் பார்த்தால், சூரியனைச் சுற்றிய அந்த நீலம் நடுநிலைச் சாம்பலை நோக்கிப் போய்விடும்.

வெள்ளியிலும் இதே கேள்விதான். 1982 மார்ச்சில் இறங்கிய சோவியத்தின் வெனேரா 13, அந்தக் கொதிக்கும் தரையில் 127 நிமிடம் தாக்குப்பிடித்து வண்ணப் படங்களை அனுப்பியது. அடர்ந்த காற்று நீலத்தை விழுங்கிவிடுவதால் எல்லாமே ஆரஞ்சாகத் தெரிந்தன. அந்த வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் அதே கற்கள் சாம்பல் நிறம்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு விதியை விடாதீர்கள். ஒரு படத்தில் முடிவு செய்த எண்களை எழுதிவைத்து, அதே எண்களை எல்லாப் படத்துக்கும் போடுங்கள். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே அழகாக்கினால் ஒட்டும்போது வானம் பட்டை பட்டையாக வரும்.

ஒட்டுதல்

ஒரே கண்ணின் படங்களை மட்டும் எடுங்கள். இடதையும் வலதையும் கலந்தால் முடிச்சு விழுந்துவிடும்.

ஹியூகினில் படங்களை ஏற்றியதும் லென்ஸ் தகவல் கேட்கும். கைபேசிப் படத்தில் இருப்பது போல அந்தத் தகவல் ரோவர் படத்தில் பதிந்திருக்காது, நீங்கள்தான் கிடைமட்டப் பார்வைக் கோணத்தைக் கொடுக்க வேண்டும். 1600 பிக்சல் அகலமுள்ள மாஸ்ட்கேம்-இசட் படத்துக்கு 26 மி.மீ. என்றால் சுமார் 25.7 பாகை, 34 மி.மீ. என்றால் சுமார் 20 பாகை, 110 மி.மீ. என்றால் சுமார் 6 பாகை. கியூரியாசிட்டியின் 1344 பிக்சல் அகலப் படத்துக்கு 34 மி.மீ. கண்ணில் சுமார் 16.6 பாகை, 100 மி.மீ. கண்ணில் சுமார் 5.7 பாகை. இதைத் தப்பாகக் கொடுத்தால் 360 பாகைக் காட்சியின் இரு முனையும் சேராது.

அடுத்து பொதுப் புள்ளிகள். மென்பொருள் தானாகத் தேடித் தரும், ஆனால் மணல் மேட்டின் வரிகளும் சரளைக் கற்களும் ஒன்றுபோல இருப்பதால் அது அடிக்கடி ஏமாறும். கண்டுபிடித்த புள்ளிகளை ஒவ்வொரு ஜோடியாகத் திறந்து பாருங்கள். வானத்தில், நிழலின் ஓரத்தில், ரோவரின் உடம்பில் விழுந்த புள்ளிகளை நீக்குங்கள். அடிவானத்திலும் நடுத்தூரக் கற்களிலும் கையால் நான்கைந்து புள்ளி வையுங்கள். பிறகு திசை, சாய்வு, சுழற்சி மூன்றை மட்டும் சீரமைக்கச் சொல்லுங்கள்.

தூரத்து மலை அழகாகப் பொருந்தியிருக்கும், ஆனால் காலடியில் இருக்கும் கல் இரண்டாகத் தெரியும். ரோவர் கம்பத்தின் தலை திரும்பும்போது கேமராவும் இடம் மாறுகிறது என்பதுதான் காரணம். மாஸ்ட்கேம்-இசட்டின் இரு கண்களுக்கும் இடையே 24.4 செ.மீ. தூரம், ஒவ்வொரு கண்ணும் சுழலும் அச்சிலிருந்து ஏறக்குறைய அரைச் சாண் பக்கவாட்டில் தள்ளி இருக்கிறது. தூரத்துப் பொருளுக்கு அது ஒன்றுமில்லை, அருகில் இருப்பதற்குப் பெரிய வித்தியாசம். எந்தக் கணக்கு போட்டாலும் இது முழுதாகப் போகாது. அடிவானத்தைப் பொருத்திவிட்டு, அருகில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் ஒரே படத்திலிருந்து முழுசாக வருமாறு மாஸ்க் போடுங்கள், அதாவது மற்றப் படங்களில் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள். ஒட்டும் கோடு கல்லின் நடுவே போகாமல் மணல் வழியாகவோ கல்லின் நிழல் ஓரமாகவோ போக வேண்டும். நேரம் எடுக்கும் வேலை, ஆனால் ஒட்டியது தெரிகிறதா இல்லையா என்பது இதில்தான் இருக்கிறது.

ரோவர் சாய்ந்த தரையில் நின்றிருந்தால் அடிவானம் அலை அலையாக வரும். அதை நேராக்கலாம். ஆனால் பெர்சிவரன்ஸ் இறங்கிய ஜெசிரோவும் கியூரியாசிட்டி இறங்கிய கேலும் பெரிய பள்ளங்கள், சுற்றிலும் விளிம்பு மலைகள் உயர்ந்து நிற்கின்றன. அடிவானம் முழுக்க ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நினைத்து இழுத்தால் மலையைச் சப்பையாக்கிவிடுவீர்கள். குழு வெளியிட்ட பனோரமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

ஹியூகினின் வெளிச்சச் சீரமைப்பில் ஒயிட் பேலன்ஸைச் சீரமைக்கும் தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இவ்வளவு பாடுபட்டு முடிவு செய்த நிறத்தை அது மாற்றிவிடும். வளைந்த காட்சியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு வீழல் என்று பெயர்; அகலமான காட்சிக்கு உருளை வடிவ வீழலும் முழு 360 பாகைக்குச் சமதொலைச் செவ்வக வீழலும் பொருந்தும்.

சென்சார் மேல் ஒட்டிய தூசிப்புள்ளி, பழுதான பிக்சல் இவற்றைத் துடைக்கலாம். வானத்தில் ஓட்டை இருந்தால் பக்கத்து நிறத்தால் நிரப்பலாம். தரையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு கல்லை நகலெடுத்து இன்னொரு இடத்தில் வைத்தால், செவ்வாயில் இல்லாத ஒரு கல்லை உண்டாக்கியவர் ஆவீர்கள். தரையில் ஓட்டை விழுந்தால் கறுப்பாகவே இருக்கட்டும், அல்லது அந்த ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

முப்பரிமாணம் வேண்டுமானால்

நேவ்கேமின் இடது, வலது ஜோடியை எடுங்கள். இரு கண்ணுக்கும் நடுவே சுமார் 42 செ.மீ. இருப்பதால் ஆழம் நன்றாகத் தெரியும். இடது படத்தைச் சிவப்புச் சேனலிலும் (நிற அடுக்கு) வலது படத்தைப் பச்சை, நீலச் சேனல்களிலும் வைத்தால் சிவப்பு-நீலக் கண்ணாடியில் காட்சி எழும்பி நிற்கும். கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேமில் இதைச் செய்வது சிரமம், இரண்டு கண்ணின் குவியத் தூரமும் வேறு.

பகிரும்போது என்ன எழுதுவது

படத்தோடு ரோவரின் பெயர், சோல் எண், கேமரா, அங்கே அப்போது என்ன மணி என்று எழுதுங்கள். நிறத்தில் எந்த வழியை எடுத்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: "பூமி வெளிச்சத்துக்குத் திருத்தியது" அல்லது "செவ்வாயின் வெளிச்சத்தில் தோராயமான நிறம்". வானத்தை நிரப்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் சுற்றும் நீல வான செவ்வாய்ப் படங்களால்தான் நாசா உண்மை நிறத்தை மறைக்கிறது என்ற வதந்தி இன்னும் உயிரோடு இருக்கிறது.

நாசாவின் படங்களைப் பொதுவாக யாரும் பயன்படுத்தலாம், ஆனால் எடுத்தவர்களுக்கு நன்றி குறிப்பிட வேண்டும். கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேம் என்றால் நாசா, ஜேபிஎல்-கால்டெக், எம்எஸ்எஸ்எஸ் (கேமராவை உருவாக்கிய நிறுவனம்). மாஸ்ட்கேம்-இசட் என்றால் இவற்றோடு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரும் சேரும். ஒட்டியதும் நிறம் சரிசெய்ததும் நீங்கள் என்பதால், அந்த வரியின் கடைசியில் உங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளலாம்.